அறிவியல் சுதந்திரமும் பொறுப்பும்: இதை எந்தத் துறை ஆசிரியர் சொல்லித்தருவது?

வாசகர் கேள்வி, ஜூன் 4

எங்கள் கல்லூரியில் அடுத்த பருவம் முதல் எல்லாத் துறை மாணவர்களுக்கும் ஆய்வு நெறிமுறை என்று ஒரு பொதுத் தாள் வரப்போகிறது. இயற்பியல், வணிகவியல், வரலாறு, கணினி என்று எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு, இரண்டு கிரெடிட். கருத்துத் திருட்டு, தரவுப் புனைவு, மேற்கோள் விதிகள் எல்லாம் அதில் வந்துவிடும். இது போதும் என்று நினைக்கிறேன். சுதந்திரம், பொறுப்பு என்று ஒவ்வொரு துறையும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தால் பாடம் எப்போது நடத்துவது?

ஜூன் 4, இரவு

போதாது.

நான் புள்ளியியல் நடத்துகிறவன். என் வகுப்புக்கு உயிரியல், பொருளியல், உளவியல், பொறியியல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். பொதுத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தான் லேபில் வந்து, "சார், இந்த ஒரு புள்ளி மட்டும் கோட்டிலிருந்து விலகிப்போகிறது, எடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. தரவைத் திருத்துவது தவறு என்று தேர்வில் எழுதியது, தன் முன்னால் இருக்கும் இந்த வரைபடத்தைப் பற்றித்தான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. அதை உறைக்கவைக்க, பக்கத்தில் உட்கார்ந்து அதே வரைபடத்தைப் பார்க்கிற ஆசிரியர் வேண்டும். அந்தப் புள்ளி ஏன் விலகியது, கருவி கோளாறா, அளந்தவர் கை தவறியதா, இல்லை உண்மையிலேயே அங்கே ஏதாவது நடக்கிறதா என்று கேட்கத் துறை அறிவு வேண்டும். பொதுத் தாள் நடத்த வருகிறவரிடம் அது இருக்காது.

ஜூன் 5

உங்கள் பட்டியலைத் திரும்பப் படித்தேன். மூன்றும் செய்யக்கூடாதவையும் விதிகளும்தான். மாணவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1966இல் வந்தது. அதன் 15ஆம் உறுப்பில், அறிவியல் ஆய்வுக்கு இன்றியமையாத சுதந்திரத்தை நாடுகள் மதிக்க வேண்டும் என்று இருக்கிறது. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 2017இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் நேராகப் பேசுகிறது: ஆராயவும், அறிந்ததைப் பயன்படுத்தவும், ஒளிவுமறைவில்லாமல் பகிரவும் உள்ள சுதந்திரம் ஒரு பக்கம், பொறுப்பு மறுபக்கம், இரண்டையும் பிரிக்க முடியாது. கல்லூரிகள் நடைமுறையில் பிரித்துவிடுகின்றன. பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் படிவம் நிரப்புவதாகச் சுருக்கிவிடுகின்றன.

பொறுப்பை மட்டும் தூக்கிப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு சோவியத் மரபியலைப் பார்க்கலாம். உலகமெங்கும் போய் விதைகளைச் சேகரித்த தாவர மரபியலாளர் நிக்கொலாய் வாவிலோவ். 1940இல் கைதானார், 1943இல் சரதோவ் சிறையில் இறந்தார். 1948 ஆகஸ்டில் வேளாண் அறிவியல் அகாதெமியின் கூட்டத்தில், மரபியலையே மறுத்த லைசென்கோவின் கொள்கை அதிகாரபூர்வ உயிரியல் ஆனது. மரபியலாளர்கள் வேலை இழந்தார்கள். கவனிக்க வேண்டிய விஷயம், லைசென்கோ தரப்பும் பொறுப்பு என்ற பெயரில்தான் பேசியது. மக்கள் உணவில்லாமல் தவிக்கும்போது இவர்கள் மரபியல் சோதனைக்காகப் பழ ஈக்களை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும். எதிர்த்துக் கேட்கும் உரிமை பறிபோன இடத்தில், பொறுப்பு என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் யார் மீது வேண்டுமானாலும் வீசலாம்.

ஜூன் 5, பிறகு

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், சுதந்திரக் கட்சி என்று என்னை யாரும் முத்திரை குத்த வேண்டாம். அமெரிக்காவில், சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்த டஸ்கீகி சிபிலிஸ் ஆய்வு 1932 முதல் 1972 வரை நடந்தது. சுமார் 600 கறுப்பின ஆண்கள், அவர்களில் 399 பேருக்கு நோய். 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் வழக்கமான சிகிச்சையான பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. இது ரகசியத் திட்டம் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. 1936 முதலே மருத்துவ இதழ்களில் கட்டுரைகளாக வந்துகொண்டிருந்தது. வெளியிடும் சுதந்திரம் முழுமையாக இருந்தது, துறைக்காரர்கள் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்டவர் பீட்டர் பக்ஸ்டன். மருத்துவர் அல்ல, பால்வினை நோயாளிகளைப் பேட்டி காணும் பணியில் இருந்தவர். 1966இலிருந்து மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார், பலனில்லை. 1972இல் பத்திரிகையாளரிடம் கொண்டுபோனார்.

ஜூன் 7

வகுப்பில் எப்படிச் செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஒரு தாளில் ஏழு புள்ளிகள் மட்டும் கொடுப்பேன். கிடையாக வெப்பநிலை, செங்குத்தாக ஒரு ரப்பர் வளையத்தில் எத்தனை இடத்தில் சேதம். எந்த இயந்திரம் என்று சொல்ல மாட்டேன். "குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பு உண்டா?" என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் ஸ்கேலை வைத்துப் பார்ப்பார்கள், தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். குளிரிலும் சேதம், வெயிலிலும் சேதம். பெரும்பாலோர் தொடர்பில்லை என்றே எழுதுவார்கள்.

அப்புறம் இரண்டாவது தாள். அதே ஏழு புள்ளிகளோடு, சேதமே ஏற்படாத தடவைகளும் அடிக்கோட்டில் பூஜ்யங்களாக இருக்கும். அந்தப் பூஜ்யங்கள் எல்லாம் வலப்பக்கத்தில், வெப்பமான நாட்களில் போய்க் குவிந்திருக்கும். அந்த நேரத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். ஏறத்தாழ 19 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்த 20 தடவைகளில் மூன்றில்தான் சேதம். 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு தடவையும் சேதம். அந்த இயந்திரத்தை மறுநாள் இயக்க வேண்டும், எதிர்பார்க்கப்பட்டதோ உறைநிலையை ஒட்டிய குளிர்.

இதற்குப் பிறகுதான் பெயரைச் சொல்வேன்: சாலஞ்சர் விண்ணோடம், 1986 ஜனவரி 28, ஏவிய சற்று நேரத்தில் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள்.

சேதமில்லாத தடவைகளை விட்டுவிடுவது மாதிரித் தேர்வில் வரும் பிழை. அதை நான் எப்படியும் நடத்தியாக வேண்டும், பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இதற்கென்று தனி மணிநேரம் ஒதுக்கவில்லை. பாடம் எப்போது நடத்துவது என்று கேட்டீர்களே, இதுவே பாடம்தான்.

ஜூன் 8

இயந்திரப் பொறியியல் ஆசிரியர் ஒருவர் மேலே உள்ளதற்குக் கடுமையாகப் பதில் எழுதியிருக்கிறார். இந்தப் பயிற்சி முடிந்ததும் மாணவர்கள், "சரியாக வரைபடம் போட்டிருந்தால் உயிர் பிழைத்திருப்பார்கள்" என்று முடிவு கட்டுவார்கள், பழி பொறியாளர்கள் தலையில் விழும் என்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பயிற்சி அந்த வரைபடத்தோடு முடிவதில்லை, நேற்று எழுதியதில் அந்தப் பாதி வரவில்லை. ராஜர் போய்ஜோலி என்ற பொறியாளர் 1985 ஜூலையிலேயே, இந்த வளையத்தைச் சரிசெய்யாவிட்டால் உயிர்ச்சேதம் வரும் என்று, ராக்கெட் தயாரித்த தன் நிறுவனத்துக்குள் குறிப்பு எழுதினார். ஏவுவதற்கு முந்தைய இரவு நாசாவுடன் நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் அவரும் சகாக்களும் 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஏவ வேண்டாம் என்றார்கள். அதுவரை ஏவியதிலேயே குளிரான நாளின் அளவு அது. அவர்கள் வரைபடம் அழகாக இல்லாமல் இருக்கலாம், முடிவு சரியாக இருந்தது. பிறகு நிறுவனம் தொலைபேசியை நிறுத்திவைத்துத் தனியே பேசியது. மேலாளர்கள் நான்கு பேர் மட்டும் முடிவெடுத்தார்கள். பொறியாளர்களுக்கு அதில் ஓட்டு இல்லை.

ஆகவே மூன்றாவது தாளாக மாணவர்களுக்கு நான் தருவது ஒரு கேள்வி: அந்த அறையில் நீங்கள் இருந்தால், யாரிடம், எந்த வார்த்தையில், எதைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வீர்கள்? அவர் கேட்கவில்லை என்றால் அடுத்து யார்?

வரைபடம் பொறுப்பைக் கற்றுத்தருகிறது. இந்தக் கேள்வி, பொறுப்பைச் செயல்படுத்த எவ்வளவு சுதந்திரம் தேவை என்பதைக் கற்றுத்தருகிறது. முதலாவதை மட்டும் நடத்தினால், நல்ல வரைபடம் போட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கும் பட்டதாரிகள்தான் வெளியே வருவார்கள்.

ஜூன் 8

போய்ஜோலிக்கு 1988இல் விருது கொடுத்ததும் மேலே சொன்ன அதே அமெரிக்கச் சங்கம்தான். விருதின் பெயரே அறிவியல் சுதந்திரமும் பொறுப்பும்.

ஜூன் 11

"நான் வரலாறு. எங்களிடம் ஆய்வகம் இல்லை, வளையம் இல்லை, எங்களை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகர்.

ஹவாசுப்பாய் மக்களின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் சிறிய பழங்குடி. 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் ரத்தம் சேகரித்தார்கள். நீரிழிவு அவர்களை வாட்டிக்கொண்டிருந்தது, அதற்கான ஆய்வு என்று நம்பித்தான் கொடுத்தார்கள். பிறகு அதே ரத்தம் மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுத் திருமணம், ஆதியில் எங்கிருந்து இடம்பெயர்ந்து வந்தார்கள் என்ற ஆய்வுகளுக்கும் போனது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களுடைய தொல்கதை. இல்லை, ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்றது அவர்கள் ரத்தத்தை வைத்து எழுதிய கட்டுரை. 2010இல் 7,00,000 டாலர் இழப்பீட்டோடு சமரசம் ஏற்பட்டு, மீதமிருந்த ரத்த மாதிரிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

இது மரபியல் பாடமா, மானிடவியல் பாடமா, வரலாறா, சட்டமா? மரபியல் மாணவர் ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்ப்பார். ஒரு மக்களின் தோற்றக் கதையை அவர்கள் அனுமதியில்லாமல் அவர்கள் உடம்பிலிருந்தே எடுத்து மறுப்பது என்ன காரியம் என்று கேட்க, வரலாறு படித்த ஒருவர் அந்த வகுப்பில் உட்கார வேண்டும். வாய்மொழி வரலாறு சேகரிக்கிற உங்கள் மாணவர் நாளைக்கு ஒரு பாட்டியின் பேட்டியைப் பதிவுசெய்வார். எதற்கென்று சொல்லிப் பதிவுசெய்தார், பிறகு எதற்கெல்லாம் பயன்படுத்தினார் என்ற கேள்வி அவருக்கும் உண்டு.

ஒரு பயிற்சி சொல்கிறேன். உளவியல் மாணவர்கள் தங்கள் ப்ராஜெக்டின் ஒப்புதல் படிவத்தை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டும், வேறு துறை மாணவர் ஒருவர் கேட்டுவிட்டுத் தனக்கு என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் வகுப்பில் ஒரு மாணவி, "சேகரிக்கப்படும் தகவல்கள் கல்விசார் நோக்கங்களுக்காகப் பயன்படுத்தப்படலாம்" என்ற வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். கேட்டுக்கொண்டிருந்த வணிகவியல் பையன், "அப்படியென்றால் எதற்கு வேண்டுமானாலும் என்று அர்த்தமா?" என்றான். அவள் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். அதற்குப் பதிலான வரியை எழுதி முடிக்க அந்த மணிநேரம் முழுவதும் ஆனது, ஏனென்றால் உண்மையில் எதற்கெல்லாம் பயன்படுத்தப்போகிறோம் என்று அதுவரை அவளே முடிவு செய்திருக்கவில்லை.

ஜூன் 12

பொருளியலும் வணிகவியலும் விட்டுப்போய்விட்டன. கிரேக்கப் புள்ளிவிவர அமைப்பின் தலைவராக 2010இல் வந்தவர் ஆந்திரேயாஸ் யோர்யியூ. 2009ஆம் ஆண்டின் அரசுப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 13.6 சதவீதம் என்று அந்த ஏப்ரலில் சொல்லியிருந்தார்கள். அவர் வந்தபின் 15.4 சதவீதம் என்று திருத்தப்பட்டது, ஐரோப்பிய ஒன்றியப் புள்ளிவிவர அலுவலகமும் ஏற்றது. உள்நாட்டில் அவர் மீது வழக்குக்கு மேல் வழக்கு. 2017இல் கடமை தவறினார் என்று நிறுத்திவைக்கப்பட்ட இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை. எந்தக் கடமை? அந்த எண்ணை வெளியிடும் முன் அமைப்பின் குழுவில் ஓட்டெடுப்புக்கு விடவில்லை என்பது குற்றம்.

ஜூன் 8 குறிப்போடு சேர்த்துப் படியுங்கள். அங்கே தெரிந்தவர்களுக்கு ஓட்டு இல்லை. இங்கே ஓட்டே எடுக்கக்கூடாத ஒன்றுக்கு ஓட்டு கேட்டார்கள். ஒரு அளவீடு சரியா என்பதை எதை வைத்து முடிவு செய்வது, அதை வைத்து என்ன செய்வது என்பதை யார் முடிவு செய்வது, இவை இரண்டு தனிக் கேள்விகள். இதை நான் எந்த முன்னுரையும் இல்லாமல் முதலாண்டு மாணவர்களிடமே கேட்கிறேன், நன்றாக விவாதிக்கிறார்கள்.

ஜூன் 15

கணினித் துறையைப் பற்றிச் சுருக்கமாக. சமூக ஊடகத்தில் 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஏறத்தாழ 6,89,000 பேருக்கு முன்னால் வரும் பதிவுகளை மாற்றிவைத்து அவர்கள் மனநிலை மாறுகிறதா என்று பேஸ்புக் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2014இல் கட்டுரை வந்தது, இதழே பிறகு கவலை தெரிவித்துக் குறிப்பு போட்டது. மருத்துவ மாணவருக்கு இது ஒப்புதல் பெறாத பரிசோதனை என்று உடனே தெரிகிறது. கணினி மாணவருக்கு இது தினசரி வேலை, இரண்டு வடிவத்தை ஓடவிட்டு எது மேல் என்று பார்ப்பது. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள்.

வெளியிடுவதா வேண்டாமா என்ற கேள்விதான் எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது. 2022இல் வந்த ஒரு கட்டுரைப்படி, ஒரு சிறிய மருந்தாய்வு நிறுவனம், நச்சுத்தன்மையைத் தவிர்க்கச் செய்த தன் மென்பொருளைத் தலைகீழாகத் திருப்பி, நச்சைத் தேடவிட்டது. ஆறு மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகளைக் கொடுத்தது, விஎக்ஸ் நரம்பு நச்சும் அதில் இருந்தது. அபாயம் இருக்கிறது என்பதைச் சொன்னார்கள், மூலக்கூறுகளின் பட்டியலை வெளியிடவில்லை. 2011இல் பறவைக் காய்ச்சல் வைரஸ் ஆய்வுகள் இரண்டில் விவரங்களை மறைக்கச் சொல்லி அமெரிக்க ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது, நீண்ட வாதத்துக்குப் பிறகு 2012இல் இரண்டுமே முழுதாக வெளிவந்தன. எது சரி? வகுப்பில் நான் பதில் சொல்வதில்லை. எனக்கே ஒரு வருடம் ஒரு பக்கம் சாய்வு, மறு வருடம் மறு பக்கம்.

ஜூன் 16

அசிலோமர் மாநாட்டை ஏன் விட்டீர்கள் என்று உயிரியல்காரர்கள் கேட்கிறார்கள். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் அறிவியலாளர்கள் கூடி, ஒரு உயிரியின் மரபணுவை இன்னொன்றோடு இணைக்கும் மரபணு ஒட்டு ஆய்வுக்குத் தாங்களாகவே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே உயிர்வேதியியலாளர் பால் பெர்க் முதலானோர் சில சோதனைகளை நிறுத்திவைக்கக் கோரியிருந்தார்கள். நல்ல உதாரணம்தான், நானும் நடத்துகிறேன். ஆனால் வெற்றிக் கதையாக மட்டும் நடத்தாதீர்கள். அந்த அறையில் பெரும்பாலும் மூலக்கூறு உயிரியலாளர்களே இருந்தார்கள். பேச்சு ஆய்வகப் பாதுகாப்போடு நின்றது. உயிரி ஆயுதத்தையும் மனித மரபணுவை மாற்றுவதையும் ஒதுக்கிவைத்தார்கள். யாரைக் கூப்பிடவில்லை, எதைப் பேசவில்லை என்று மாணவர்களைப் பட்டியல் போடச் சொன்னால் அதுவே நல்ல வகுப்பு.

ஜூன் 18

மதிப்பெண் எப்படிப் போடுவது?

தேர்வு வேண்டாம். ஒரு பக்கக் கடிதம் போதும். உங்கள் துறையில் நாளை நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்கு எழுதுகிறீர்கள், எது உங்களுக்கு உறுதியாகத் தெரியும், எது சந்தேகம், என்ன செய்யச் சொல்கிறீர்கள். உறுதியையும் சந்தேகத்தையும் பிரித்து எழுதியிருக்கிறாரா என்பதற்குத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன். ஆவேசத்துக்கு மதிப்பெண் இல்லை.

இதற்கு வந்த எதிர்வாதம்தான் முக்கியம்: "கைடுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசினால் உள்மதிப்பெண் போய்விடும். இப்படிக் கடிதம் எழுதச் சொல்லி என்ன பயன்?"

நியாயமான கேள்வி. ஒரு மாணவர் இப்படி எழுதிக் கொடுத்தார்: தன் ப்ராஜெக்ட் கட்டுரையில், ஒரு நாள்கூட லேப் பக்கம் வராத ஒருவரின் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்க்க விருப்பமில்லை, யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியலை இணைத்திருக்கிறேன். கற்பனைக் கடிதம் என்றுதான் கொடுத்தார். படித்ததுமே கற்பனை இல்லை என்று தெரிந்தது. எந்தத் துறை என்று நான் கேட்கவில்லை. ஆசிரியரோ மாணவரோ, யார் எதைச் செய்தார்கள் என்ற பணிப் பங்கை எல்லாக் கட்டுரையோடும் இணைக்க வேண்டும் என்ற யோசனையைத் துறைகளின் பொதுக் கூட்டத்தில் என் பெயரில் வைத்தேன். இழுபறிக்குப் பிறகு மூன்று துறைகள் ஏற்றுக்கொண்டன. மற்றவை இன்னும் இல்லை.

மாணவருக்குச் சுதந்திரம் கற்றுத்தருகிற ஆசிரியர், அதைத் தன் மீதே பயன்படுத்த இடம் கொடுக்க வேண்டும். என் வகுப்பில் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒரு வாரம் மறுப்பு எழுதலாம். நான் எழுத்திலேயே பதில் தருவேன். மறுப்பு சரியென்றால் மதிப்பெண் ஏறும், தப்பென்றால் இறங்காது. இறங்காது என்ற அந்த ஒரு வாக்குறுதி இல்லாமல் யாரும் எழுத மாட்டார்கள்.

ஜூன் 19

மருந்தியலுக்கு என்ன உதாரணம் என்று கேட்ட ஆசிரியைக்கு: நான்சி ஒலிவியெரி என்ற மருத்துவரைப் பாருங்கள். டொரான்டோவில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்கான மருந்துச் சோதனையில், 1996இல் அவருக்கு ஆபத்து தென்பட்டது. நோயாளிகளிடம் சொல்ல முனைந்தார். மருந்து நிறுவனம் சோதனையை நிறுத்தி, ரகசியக் காப்பு விதியைக் காட்டி வழக்குப் போடுவோம் என்று எச்சரித்தது. உங்கள் மாணவர்களுக்கு ஒரு மாதிரி ஒப்பந்தத்தைக் கொடுத்து அந்த விதியைக் கண்டுபிடித்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டிய வரி அது.

ஜூன் 23

கேள்வி கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார். இரண்டு கிரெடிட்டில் ஒன்றைப் பொதுத் தாளுக்கும் மற்றொன்றை அந்தந்தத் துறை ஆசிரியருக்கும் பிரித்துக்கொடுக்கலாமா என்று பாடத்திட்டக் குழுவில் கேட்கப்போகிறாராம். கேளுங்கள். ஆனால் துறைக்குப் போகும் கிரெடிட்டைப் புதிய பாடமாக ஆக்கவிடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் லேப், ப்ராஜெக்ட், களப்பணி மணிநேரத்துக்குள்ளேயே அது நடக்கட்டும். துறைக்கு ஒருவர் இரண்டு பயிற்சிகளை எழுதித்தந்தால் முதல் பருவத்துக்குப் போதும்.

புள்ளியியலுக்கு என் மூன்று தாள்களும் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவப் பயிற்சியை உளவியலும் வரலாறும் சேர்ந்து நடத்தலாம். வேதியியலுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. ஜெர்மன் வேதியியலாளர் ஹேபரின் அம்மோனியாவையும், முதல் உலகப் போரில் 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரில் நச்சு வாயுவாக விட்ட குளோரினையும் எல்லோரும் கதையாகச் சொல்கிறார்கள், மாணவர் கையால் செய்து பார்க்கும் பயிற்சியாக யாரும் மாற்றித் தரவில்லை. வேதியியல் லேப் நடத்துகிறவர்கள் யாராவது முன்வந்தால் அடுத்த வாரம் சேர்ந்து உட்காரலாம்.